கழுத்து ஸ்கேன் இருக்கட்டும், முதல் பிரசவத்து பி.பி. கதையைச் சொல்லுங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 36. ஊர் காரைக்கால். கல்யாணமாகி பிரான்சைச் சேர்ந்த ரீயூனியன் தீவில், சென்-ஆந்த்ரேயில் இருக்கிறேன். இரண்டாவது குழந்தை, இப்போது 13 வாரம் முடிந்து மூன்று நாள். கழுத்து ஸ்கேனும் ரத்தமும் பார்த்ததில் டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு 410-இல் 1 என்று காகிதம் வந்திருக்கிறது. இன்னொரு ரத்தச் சோதனை செய்துகொள்ளலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அம்மா போனில், "ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்துவிடு, அதுதான் நிச்சயம்" என்கிறார். மாமியாரோ, "தெரிந்து என்ன செய்யப் போகிறாய்?" என்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை. இன்னொன்று: முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டாம் மாதம் பி.பி. ஏறி, சிறுநீரில் புரதம் போகிறது என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள். 34 வாரம் முடிந்திருந்தது. குழந்தை 1.9 கிலோ. பையன் இப்போது நன்றாக இருக்கிறான். தலைச்சன் பிரசவத்தில்தான் அப்படி வரும், இனி வராது என்று அங்கே சொன்னதால், இங்கே ஆபரேஷன் ஆனதை மட்டும் சொன்னேன், பி.பி. பற்றிச் சொல்லவில்லை. போன வாரம் பி.பி. 13/8 என்றார்கள். நார்மல்தானே? இந்த முறை சுகப்பிரசவம் ஆகுமா? என் வீட்டுக்காரர் உள்ளே கூட இருக்கலாமா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் 410 என்ற எண்ணைப் பற்றி. பி.பி. கதை "இன்னொன்று" என்று பின்னால் வருகிறது. இந்தத் தீவில் சாஜ்-ஃபம் (பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி) வேலை பார்க்கிறவள் என்ற முறையில் எனக்குத் தூக்கம் கெடுவது அந்த "இன்னொன்று" மேல்தான். ஆனால் அந்த எண் மனதை அரித்துக்கொண்டிருக்கும்போது நான் வேறு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. அதனால் அதை முதலில் முடித்துவிடுவோம்.

410-இல் 1 என்றால், உங்களைப் போன்ற வயதும் அளவுகளும் உள்ள 410 பெண்களில் ஒருவருடைய குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும், மற்ற 409 பேருக்கு இருக்காது. அவ்வளவுதான். இது நோய் இருக்கிறது என்ற முடிவு அல்ல. மூன்று விஷயங்களைச் சேர்த்துக் கணினி போட்ட கணக்கு: உங்கள் வயது, ஸ்கேனில் குழந்தையின் பிடரிக்குப் பின்னால் தெரிந்த நீர்ப்படலத்தின் தடிமன், உங்கள் ரத்தத்தில் இருந்த இரண்டு பொருட்களின் அளவு. 36 வயதுக்கு, வயதை மட்டும் வைத்துப் பார்த்தாலே முந்நூறில் ஒன்றுக்குப் பக்கத்தில் வரும். ஸ்கேனும் ரத்தமும் உங்கள் எண்ணை நல்ல பக்கம்தான் தள்ளியிருக்கின்றன.

பிறகு ஏன் இன்னொரு சோதனை? பிரான்சில் விதி மாறியதுதான் காரணம். முன்பு 250-இல் 1 என்பதுதான் கோடு. உங்கள் 410 அன்று வந்திருந்தால் யாரும் எதுவும் சொல்லாமல் காகிதத்தைக் கோப்பில் வைத்திருப்பார்கள். 2019 முதல், 51-இல் 1 தொடங்கி 1000-இல் 1 வரை வருகிற எல்லோருக்கும் தாயின் ரத்தத்திலிருந்தே குழந்தையின் மரபணுத் துணுக்குகளைப் பார்க்கும் சோதனையைச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். தேபேஎன்இ என்று இங்கே சொல்வது அதைத்தான். அதற்குச் சமூகக் காப்பீடே முழுப் பணமும் கட்டிவிடுகிறது. ஆக, உங்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தது பயத்தினால் அல்ல, வலையை அகலமாக வீசியிருப்பதனால்.

கர்ப்பிணியின் ரத்தத்தில் குழந்தைப் பக்கத்து டி.என்.ஏ. மிதக்கிறது என்று டென்னிஸ் லோவும் அவர் குழுவும் 1997-இல் காட்டினார்கள். அதிலிருந்துதான் இந்தச் சோதனை வந்தது. டவுன் சிண்ட்ரோம் இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பிடித்துவிடும். இல்லை என்று வந்தால் நீங்கள் அந்தக் கவலையை இறக்கி வைத்துவிடலாம். இருக்கிறது என்று வந்தால் மட்டும் அதுவே கடைசி வார்த்தை ஆகாது. அந்த டி.என்.ஏ. பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருகிறது, நேரடியாகக் குழந்தையிடமிருந்து அல்ல. அபூர்வமாக இரண்டும் ஒத்துப்போகாது. அதனால் பனிக்குட நீரை எடுத்து உறுதி செய்வார்கள். சில நேரம் ரத்தத்தில் துணுக்குகள் போதவில்லை என்று மறுபடி ரத்தம் கேட்பார்கள். அப்படிக் கூப்பிட்டால் பதறாதீர்கள்.

இதில் அம்மாவுக்கும் பதில் இருக்கிறது. நீர் எடுத்துப் பார்ப்பது நிச்சயமான சோதனைதான், அதில் அம்மா சொல்வது சரி. ஆனால் அதைப் 15 வாரத்துக்குப் பிறகுதான் செய்வார்கள். வயிற்றில் ஊசி இறக்குவதால் கரு கலையும் ஆபத்து, நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்றாலும், உண்டு. வாய்ப்பு 50-இல் 1 அல்லது அதைவிட அதிகமாக வருகிறவர்களுக்குத்தான் இங்கே அதை நேரடியாகச் சொல்கிறார்கள். 410-க்கு முதலில் கை நரம்பில் ரத்தம் எடுத்துப் பார்ப்பதுதான் முறை.

மாமியார் கேட்ட கேள்வியை எல்லோரும் பழைய காலத்துப் பேச்சு என்று ஒதுக்குவார்கள். நான் ஒதுக்க மாட்டேன். தெரிந்து என்ன செய்வோம் என்பதை ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் நீங்களும் கணவரும் உட்கார்ந்து பேச வேண்டும். சிலர், இருந்தால் முன்கூட்டியே தெரிந்து தயாராக இருக்கலாம் என்று செய்கிறார்கள். சிலர் கர்ப்பத்தைத் தொடர மாட்டோம் என்று முடிவோடு செய்கிறார்கள். பிரான்சுச் சட்டப்படி, குணப்படுத்த முடியாத கடுமையான நிலை என்று பல்துறை மருத்துவர் குழு சொன்னால், எந்த மாதத்திலும் அதற்கு இடம் உண்டு, கேட்பதும் கேட்காததும் பெண்ணின் முடிவு. இன்னும் சிலர் எங்களுக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். மூன்றுமே நேர்மையான முடிவுகள். டாக்டர் சோதனையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், நீங்கள் செய்தாக வேண்டும் என்று இல்லை. ஒப்புதல் கையெழுத்து உங்களுடையது. அம்மாவுடையதும் இல்லை, மாமியாருடையதும் இல்லை. வேண்டாம் என்றால் உங்களுக்குரிய மற்றக் கவனிப்பில் ஒரு துளியும் குறையாது.

என் கருத்தைக் கேட்டால், தூக்கம் போய்விட்டது என்று எழுதியிருக்கிற ஒருவர் செய்துகொள்வதே நல்லது. வாரம் பத்து நாளில் பதில் வந்துவிடும். ஒன்று மட்டும்: இது எல்லாக் குறையையும் பார்க்கிற சோதனை அல்ல. இதயம், முதுகெலும்பு, உதடு இவையெல்லாம் 22-ஆம் வாரத்து ஸ்கேனில்தான் தெரியும். அதைத் தவற விடாதீர்கள்.

சரி, இப்போது பி.பி.க்கு வருவோம்.

முதல் பிரசவத்தில் உங்களுக்கு வந்ததன் பெயர் ப்ரீ-எக்லாம்ப்சியா. பி.பி. ஏறுவதோடு சிறுநீரில் புரதம் போவது அதன் முத்திரை. "தலைச்சனில்தான் வரும்" என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. முதல் கர்ப்பத்தில்தான் இது அதிகம் வருகிறது, முதலாவது நல்லபடியாக நடந்தவர்களுக்கு இரண்டாவதில் வருவது குறைவு. ஆனால் முதலாவதிலேயே வந்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. 34 வாரத்துக்கும் 37 வாரத்துக்கும் நடுவில் இதற்காகப் பிரசவம் ஆனவர்களில், ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அடுத்த முறையும் வருகிறது. 410-இல் ஒன்றுக்குத் தூக்கம் போனவர் நான்கில் ஒன்றை டாக்டரிடம் சொல்லாமல் இருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளவில்லை, தங்கை. யாரோ தைரியம் சொல்வதாக நினைத்துச் சொன்ன வார்த்தை அது.

இந்தத் தலைச்சன் விஷயத்தைக் கிண்டிப் பார்த்தவர்களில் ஒருவர் நம் தீவிலேயே வேலை செய்தவர், சென்-பியேர் ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தை மருத்துவர் பியேர்-ஈவ் ரொபியார். அவர் குவாதலூப் என்ற இன்னொரு பிரெஞ்சுத் தீவில் நடத்திய ஆய்வு 1994-இல் வெளிவந்தது. கருத்தரிப்பதற்கு முன் ஒரே துணையோடு அதிக காலம் சேர்ந்து வாழ்ந்த பெண்களுக்குக் கர்ப்பகால பி.பி. குறைவாக வந்தது என்று அதில் கண்டார். அதாவது முதல் கர்ப்பமா என்பதைவிட, அந்தத் தகப்பனோடு இது முதல் கர்ப்பமா என்பதைப் பார்க்க வேண்டும், தாயின் உடம்பு தகப்பன் பக்கத்து அணுக்களுக்குப் பழகுவதில் ஏதோ இருக்கிறது என்பது அவர் வாதம். இதை வைத்து வீட்டில் யார் மேலும் பழி போட வேண்டாம். சொல்ல வந்தது, மருத்துவ உலகமே இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிற விஷயம் இது, ஒரே வரியில் "இனி வராது" என்று மூடிவைக்கக் கூடியது அல்ல.

ஏன் இப்போதே அவசரப்படுத்துகிறேன் என்றால், இதன் விதை விழுவது எட்டாம் மாதத்தில் அல்ல, இந்த வாரங்களில். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில் வேர் பிடிக்கும்போது, அங்குள்ள தாயின் ரத்தக் குழாய்களை அது அகலமாக்க வேண்டும், கடைமடைக்கும் தண்ணீர் போக வாய்க்காலை வெட்டி அகலப்படுத்துவது போல. அது சரியாக நடக்காவிட்டால், ரத்தம் போதாத நஞ்சுக்கொடி பின்னால் சில பொருட்களைத் தாயின் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. அவை தாயின் ரத்தக் குழாய்களையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் பாதிக்கின்றன. பி.பி. அந்தக் கதையின் கடைசி அத்தியாயம்.

முதல் அத்தியாயத்திலேயே கை வைக்க ஒரு மலிவான மருந்து இருக்கிறது: குறைந்த அளவு ஆஸ்பிரின். ஆறு நாடுகளில், ஆபத்து அதிகம் என்று கணிக்கப்பட்ட ஆயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு 2017-இல் வந்தது. 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி, 36-ஆம் வாரம் வரை இரவில் 150 மில்லிகிராம் எடுத்தவர்களில், 37 வாரத்துக்கு முன் பிரசவம் செய்ய வேண்டி வந்த ப்ரீ-எக்லாம்ப்சியா 1.6 சதவீதம், மருந்து இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 4.3 சதவீதம். உங்களைப் போல முன்பு இந்த நோய் வந்தவர்களுக்கு பிரான்சிலும் இதையே கொடுக்கிறார்கள், 16 வாரத்துக்கு முன் தொடங்க வேண்டும் என்பது விதி. உங்களிடம் இன்னும் இரண்டரை வாரம் இருக்கிறது. ரத்தச் சோதனைக்குப் பத்து நாள் காத்திருக்கலாம், இதற்கு அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. திங்கட்கிழமை காலையில் போன் செய்து, "முதல் கர்ப்பத்தில் ப்ரீ-எக்லாம்ப்சி, 34 வாரத்தில் சிசேரியன்" என்று சொல்லுங்கள். இதே வார்த்தைகள் போதும், நடுவில் இடம் கொடுப்பார்கள். மருந்துக் கடையில் நீங்களாக ஆஸ்பிரின் வாங்கிப் போட வேண்டாம். அளவும், உங்களுக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்பதும் டாக்டர் பார்க்க வேண்டியவை.

வாரக் கணக்கில் ஒரு குழப்பம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊரில் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். இங்கே டாக்டர்களும் அப்படித்தான். ஆனால் சில காகிதங்களில் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணியிருப்பார்கள், இரண்டு வாரம் குறைவாகத் தெரியும். "அப்படியென்றால் எனக்கு 11 வாரம்தான், நேரம் இருக்கிறது" என்று இருந்துவிடாதீர்கள். நான் சொன்ன 16, ஊர்க் கணக்கில் 16.

13/8 விஷயம். இங்கே பி.பி.யைப் பத்தால் வகுத்துச் சொல்கிறார்கள், ஊர்ப் பாஷையில் அது 130/80. கர்ப்பத்தில் பி.பி. நடு மாதங்களில் கொஞ்சம் இறங்குவது வழக்கம். ஆக உங்கள் அளவு நார்மலுக்குள்தான் இருக்கிறது, ஆனால் தாழ்வானது அல்ல. 14/9-ஐத் தொட்டால் அதிகம். 16/11 என்றால் அதே மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. கையின் மேற்பகுதியில் கட்டுகிற, கர்ப்பிணிகளுக்குச் சரிபார்க்கப்பட்ட மெஷின் எது என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். காலையில் மூன்று முறை, இரவில் மூன்று முறை, மூன்று நாள் தொடர்ந்து எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்கு உபயோகமாக இருக்கும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு பாருங்கள், பையனைத் துரத்திவிட்டு வந்து உடனே பார்க்காதீர்கள். வீட்டில் பார்க்கும்போது 135/85-க்கு மேல் சராசரி வந்தால் சொல்லிவிட வேண்டும்.

இருபதாம் வாரத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும்: விடாத தலைவலி, கண் முன்னால் பொறி பறப்பது, நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழோ இறுக்கிப் பிடிக்கும் வலி, திடீரென முகமும் கையும் வீங்குவது, குழந்தையின் அசைவு குறைவது. இதில் ஒன்று வந்தாலும் நள்ளிரவானாலும் பிரசவ வார்டுக்குப் போன் செய்யுங்கள், மோசமாக இருந்தால் அவசர எண் 15-ஐ அழையுங்கள். நெஞ்சுக்குழி வலியை "வாயு" என்று சொல்லி மாமியார் அயாப்பானா இலைக் கஷாயம் போட்டுத் தருவார். அன்பாகத் தருவார், தெரியும். ஆனால் உங்களுக்கு அந்த வலி வாயு அல்ல என்று முதலில் நிரூபணமாக வேண்டும். பொதுவாகவே எந்தத் திசானாக (மூலிகைக் கஷாயமாக) இருந்தாலும் டாக்டரிடம் சொல்லாமல் குடிக்க வேண்டாம்.

நோய் வந்துவிட்டாலும் கைவிரிக்கிற காலம் இல்லை இது. வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் சல்ஃபேட் இருக்கிறது. 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களிடம் நடந்து 2002-இல் வெளிவந்த ஆய்வு, அது வலிப்பைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது என்று காட்டியது. சந்தேகமான நேரத்தில் நஞ்சுக்கொடிப் பொருட்களின் விகிதத்தை ரத்தத்தில் பார்க்கும் சோதனையும் வந்திருக்கிறது. அது 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்கு நோய் வராது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம்.

எங்கே பிரசவம் பார்ப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்களுக்குப் பக்கம் சென்-பெனுவா ஆஸ்பத்திரி. எல்லாம் நன்றாகப் போனால் அங்கேயே பார்க்கலாம். மறுபடி குறைமாதம் ஆகிற அறிகுறி தெரிந்தால், பச்சிளங்குழந்தைத் தீவிரக் கவனிப்பு உள்ள சென்-தெனியின் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். இதை முன்கூட்டியே டாக்டரோடு பேசி வைத்துவிடுங்கள். சாதாரணக் கர்ப்பத்தை எங்களைப் போன்ற சாஜ்-ஃபம்களே கடைசி வரை பார்க்கலாம். உங்களுடையதை மகப்பேறு டாக்டரும் சேர்ந்து பார்க்க வேண்டும். அப்புறம், இந்த முறை பிரசவத்துக்கு அம்மா வீடு வேண்டாம், அம்மாவை இங்கே வரவழையுங்கள்.

சர்க்கரையைப் பற்றி ஒரே பத்தி. நம் தீவில் சர்க்கரை நோய் பிரான்சின் பெருநிலப் பகுதியைவிட அதிகம், உங்களுக்கு 35 தாண்டிவிட்டது. இந்த முதல் மூன்று மாதத்திலேயே வெறும் வயிற்று அளவு பார்த்திருக்க வேண்டும். ஊரில் சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை என்று குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை ரத்தம் எடுத்திருப்பார்கள். இங்கே 24 முதல் 28 வாரத்துக்குள் பட்டினியோடு வரச்சொல்லி மூன்று முறை எடுப்பார்கள். காகிதத்தில் 0.92 என்று பார்த்தால் ஊர்க் கணக்கில் 92. வெறும் வயிற்றில் அதை எட்டினாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வார்கள்.

சுகப்பிரசவம் ஆகுமா? ஆகலாம். ஒரு ஆபரேஷனுக்குப் பிறகு முயன்று பார்க்கிறவர்களில் நான்கில் மூன்று பேர் அளவுக்கு ஆகிறது. பழைய தையல் பிரியும் ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, ஆனால் வந்தால் பெரியது. அதனால்தான் ஆபரேஷன் தியேட்டர் பக்கத்திலேயே இருக்கிற இடத்தில் முயல வேண்டும். பி.பி. மறுபடி ஏறி அவசரமாக எடுக்க வேண்டி வந்தால் கணக்கு மாறும். அதற்காக மனதை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கணவர் உள்ளே இருக்கலாம், இங்கே அது சாதாரண நடைமுறை. வலி நேரத்தில் தெரிந்த ஒருவர் விடாமல் கூட இருந்தால் ஆபரேஷன் குறைகிறது, வலி நேரமும் கொஞ்சம் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. அவர் மயங்கி விழுகிற ரகம் என்றால் அம்மாவை வைத்துக்கொள்ளுங்கள்.

சுகப்பிரசவத்துக்கு முயன்று பார்க்கலாமா என்று டாக்டர் முடிவு செய்ய, கர்ப்பப்பையில் கத்தி எப்படிப் போனது என்பது தெரிய வேண்டும். கீழே குறுக்காகவா, மேலே நெடுக்காகவா என்பது வயிற்றுத் தழும்பைப் பார்த்தால் தெரியாது. முதல் பிரசவத்து டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஆபரேஷன் குறிப்பையும் அம்மா எங்காவது பீரோவில் வைத்திருப்பார். இன்றைக்கே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை, இங்குள்ள டாக்டர்கள் படித்துக்கொள்வார்கள். மொழிபெயர்ப்புக்குப் பணம் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள்.